கேள்வித்தாளை அச்சிடுமுன்: திருகோணமலை ஆய்வுக் கூட்டணிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் மாவட்டச் செயலக, சுகாதார, பொலிஸ் அதிகாரிகளுக்கும்,

பெண்கள் மீதான வன்முறையையும் வீட்டுக்குள் நடக்கும் கொடுமையையும் ஃபோன் வழியாக வரும் தொல்லையையும் ஒன்றாக ஆராய, சட்டம், மருத்துவம், சமூகவியல், கணினித் துறையினர் கைகோர்க்க முனைவது நல்ல செய்தி. இப்பெண்களுக்கு உதவும் பணியில் உள்ள நாங்கள் ஒன்றைத்தான் கேட்கிறோம்: நாலு இடத்தில் சொல்லிக் களைத்த ஒரு பெண்ணிடம் ஐந்தாவது முறையும் அதே கதையைக் கேட்டு உங்கள் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

வெருகலிலோ குச்சவெளியிலோ அடிபட்ட பெண் முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் வாய்திறக்கலாம். பிறகு பொலிஸின் சிறுவர் பெண்கள் பிரிவு, வைத்தியசாலையின் நட்பு நிலையம் (வன்முறைக்கு உள்ளானோருக்கான ஆலோசனைப் பிரிவு), சட்ட வைத்திய அதிகாரி, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர், சட்டத்தரணி என்று வழி நீளும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பதிவேடு. ஒரே சம்பவம் ஓரிடத்தில் 'குடும்பப் பிணக்கு', இன்னோரிடத்தில் 'தாக்குதல்', மற்றோரிடத்தில் வெறும் 'ஆலோசனை'. அனுப்பியதாக எல்லோரும் எழுதுகிறோம். அவர் போய்ச் சேர்ந்தாரா என்று எழுத நிரலே இல்லை. அவர் தொலைந்துபோவது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே முதல் ஆறு மாதம் நேர்காணல் வேண்டாம், பதிவேடுகளைப் பொருத்துங்கள். எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான ஒரு பரிந்துரைச் சீட்டு, அதில் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டெண். திகதி, வயதுப் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, செய்தவர் என்ன உறவு, நடந்தது என்ன, எங்கே அனுப்பினோம், எப்போது வந்து சேர்ந்தார்: இவ்வளவே போதும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வைத்தியசாலையில் பூட்டியிருக்கட்டும், பல்கலைக்கழகக் கணினிக்கு வரவே கூடாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கொடுமை செய்பவரைத் தடுக்க நீதிமன்றம் தரும் இடைக்காலக் கட்டளை 14 நாள், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. விண்ணப்பத்தைப் பொலிஸாரும் செய்யலாம். முதல் முறை வாய்திறந்த நாளிலிருந்து அந்த விண்ணப்பம் வரை எத்தனை நாள், எந்தப் படியில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்பதை இந்தச் சீட்டு சொல்லும். முஸ்லிம் பெண்ணைக் 'காதியாரிடம் போங்கள்' என்று திருப்பிவிட்டால் அதையும் குறியுங்கள். காதி நீதிமன்றம் விவாகரத்தையும் தாபரிப்பையும் பார்க்கும், ஆனால் பாதுகாப்புக் கட்டளை எல்லாச் சமூகத்தவருக்கும் உரியது.

அதன் பிறகும் நேர்காணல் தேவைப்பட்டால், உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிகளே அடிப்படை: ஒரு வீட்டில் ஒரு பெண் மட்டும், பக்கத்தில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருக்கக் கூடாது, யாராவது உள்ளே வந்தால் மாற்றிக் கேட்கத் தாய்சேய் நலக் கேள்விகள் கையில் இருக்க வேண்டும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், மீன்பிடிக் கிராமங்களில் ஆண்கள் வீட்டிலிருப்பார்கள். களப்பணியை அப்போது வைக்காதீர்கள். 'உங்களுக்கு வன்முறை நடந்ததா?' என்று கேட்டால் 'அப்படி ஒண்டும் இல்ல' என்றே பதில் வரும். அறைந்தாரா, தள்ளினாரா, செலவுக் காசை நிறுத்தினாரா, ஃபோனைப் பறித்து மெசேஜ் பார்த்தாரா என்று செயலைச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபோன் விடயத்தில்தான் நல்லெண்ணமே அதிகம் கெடுதல் செய்கிறது. சம்மதப் படிவத்தை வட்ஸ்அப் இணைப்பாக அனுப்பினால் அதை முதலில் திறப்பவர் கணவராக இருக்கலாம். 'ஃபோனை ரீசெட் பண்ணுங்கோ' என்ற அறிவுரை ஆதாரத்தை அழிக்கும், கண்காணிப்பவரையும் உசுப்பிவிடும். முதலில் அவர் எங்கே பாதுகாப்பாக இருப்பார் என்பது, அடுத்து ஆதாரம், கடைசியில்தான் இணைந்துள்ள சாதனங்களைத் துண்டிப்பது. ஸ்கிரீன்ஷொட்டில் சேமித்த பெயருக்குப் பதில் இலக்கமும், கூடவே திகதியும் நேரமும் தெரிய வேண்டும், கணக்கின் இணைய முகவரியைத் தனியாக எழுத வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி, உள்ளிருந்த எடுத்த நேரத் தகவலையும் இழக்கும். டொகியுமென்டாக அனுப்புங்கள், மூலத்தை அழிக்காதீர்கள்.

அந்தரங்கப் படம் பரவும் என்று மிரட்டப்படும் வயதுவந்தவருக்கு ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இணையச் சேவை உதவும். படம் அவர் ஃபோனை விட்டு வெளியேறாது, அதன் எண்ணியல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு, மட்டும் போகும். ஆனால் சேர்ந்துள்ள தளங்களில்தான் அது தடுக்கும், வட்ஸ்அப் குழுக்களுக்குள் நடப்பதை நிறுத்தாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் நம்பிக்கை கொடுப்பது தவறு. 18 வயதுக்குக் குறைந்தவரின் படத்தை 'ஆதாரம்' என்று அதிகாரிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளவே கூடாது.

அறிக்கையில் 5 க்குக் குறைந்த எண்ணிக்கைகளை அயல் பிரிவுடன் சேர்த்துவிடுங்கள். '34 வயது, மூன்று பிள்ளைகள், கணவர் கட்டாரில்' என்று எழுதினால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் பதிவானால் எந்த வார்த்தை மாறியது என்று பார்க்க மொழிபெயர்ப்பாளர் தேவை. அவருடைய சம்பளம், பெண்களின் பஸ் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் மூன்றும் முதல் வரவுசெலவிலேயே இருக்கட்டும்.

எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமான 1938 ஐப் போடுமுன், காலையிலும் நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நீங்களே அழைத்துத் தமிழில் பேசிப் பாருங்கள்.

இவ்வண்ணம்,
திருகோணமலையில் இப்பணியில் உள்ளோர்