விருந்துக்கு விலை குறைந்த வைன் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் விருந்தென்றால் வெளிநாட்டு வைன்தான் வேண்டும் என்ற எண்ணம் எங்கள் குமுளிப் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடையே வளர்ந்துவருகிறது. இறக்குமதி வைனுக்குச் சுங்கவரியும் சேருவதால், கொடுக்கும் விலை முழுவதும் அதன் தரத்துக்கானதன்று. நாசிக்கிலும் பெங்களூரு அருகே நந்தி மலைப் பகுதியிலும் விளையும் திராட்சையிலிருந்து வரும் நம் நாட்டு வைன்களே ஒரு குடும்ப விருந்துக்குத் தாராளமாகப் போதும்.

விலையைவிட முக்கியமானது உணவோடு பொருந்துவது. தேங்காய்ப்பால் சேர்த்த கோழி ஸ்டூவுக்கும் ஆப்பத்துக்கும் சற்றே இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை வைன் இதமாக இருக்கும். மிளகு தூக்கலான வாத்துக்கறிக்குத் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிகுந்த சிவப்பு வைனை ஊற்றினால் காரம் இன்னும் எரியும் என்பதால், துவர்ப்புக் குறைந்த மென்மையான சிவப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். திருகு மூடி போட்ட புட்டி என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. உடனே குடிக்கும் வைனுக்குத் தக்கை அவசியமே இல்லை.

வெள்ளையை இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கலாம். சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி ஏற்றது. டிசம்பர் இரவில் எங்கள் மலையில் அதற்குக் குளிர்பெட்டி வேண்டாம், மலைக்குக் கீழே கம்பம் ஊரில் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தே ஆக வேண்டும்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் வீட்டில் செய்யும் இனிப்பு வைன், என் கருத்தில், கேக்குக்கு மட்டுமே பொருந்தும். கேரள–தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் புட்டி கொண்டுசெல்வோர் இரு மாநிலங்களின் ஆயத்தீர்வை வரம்புகளையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குமுளி, இடுக்கி மாவட்டம்.