பாலத்தை இடிக்கும் முன் பஸ்ஸுக்கு வழி சொல்லுங்கள்

டெல்டா மாவட்டங்களில் ஆற்றுப் பாலம் கட்டும் பொறியாளர்களுக்கும், பஸ் தடம் போடும் டெப்போ அதிகாரிகளுக்கும், பஸ்களுக்கு நேரம் ஒதுக்கும் டைமிங் கான்ஃபரன்ஸில் உட்காருகிறவர்களுக்கும் வணக்கம்.

மூன்று தரப்பையும் ஒரே மடலில் கூப்பிடக் காரணம் உண்டு. பாலம் ஒருவர் கையில், வண்டி ஒருவர் கையில், நேரம் ஒருவர் கையில். மூவரும் ஒரே நாளில் ஒரே மேஜையில் உட்காராததால்தான் அக்கரைக்காரர்கள் வருடக்கணக்கில் ஊரைச் சுற்றிப் போகிறார்கள்.

அரசலாறு, திருமலைராஜன், முடிகொண்டான், குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று நம் ஆறுகள் எல்லாம் மேற்கே பிரிந்து கிழக்கே போகின்றன. ரோடும் கரையை ஒட்டியே போகிறது. தஞ்சாவூர்–கும்பகோணம்–மயிலாடுதுறை ஒரு வரி, தஞ்சாவூர்–நீடாமங்கலம்–திருவாரூர்–நாகப்பட்டினம் இன்னொரு வரி. இரண்டிலும் ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. தெற்கு வடக்காகக் குறுக்கே போவதுதான் பாடு. வலங்கைமான் பக்கத்தில் ஒரு கரையில் நிற்பவருக்கு எதிர்க்கரை ஊர் கண்ணுக்குத் தெரியும். பஸ்ஸில் போக வேண்டுமென்றால் கும்பகோணம் வந்து மாறித்தான் போக வேண்டும் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது.

இந்தக் குறையை முன்னோர் உணர்ந்தே இருந்தார்கள். தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு ரயில் பாதை போட்டு 1894-ல் வண்டி விட்டது. ஆறுகளுக்குக் குறுக்கே தெற்கு நோக்கிப் போன பாதை அது. பஸ் முதலாளிகளின் போட்டியோ கிழக்கு மேற்குத் தடங்களுக்காக இருந்தது. கும்பகோணம்–காரைக்கால் தடத்தில் ஐந்து பஸ் பெர்மிட்டுக்கான வழக்கு 1952-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது.

இப்போது பாலத்துக்கு வருவோம். பழைய செங்கல் வளைவுப் பாலங்கள் நடுவில் கூன் போட்டு நிற்கும். பெரிய பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் வால்பகுதி, ஏறி இறங்கும்போது ரோட்டில் உரசும். தார் பெயர்ந்து பின்பம்பர் இழுத்த கோடு பாலத்தின் இரு முனையிலும் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே அங்கே பஸ் எவ்வளவு சிரமப்பட்டு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். வெறும் வண்டியே 9, 10 டன் இருக்கும். எழுபது பேர் ஏறினால் இன்னும் நாலரை டன் கூடும். அறுவடைக் காலத்தில் செயின் மிஷினை (சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரம்) ஏற்றிய லாரியும், கொள்முதல் நிலையத்து நெல் லாரியும் அதே பாலத்தில்தான் போகின்றன. கைப்பிடிச்சுவர் வெடித்து, "கனரக வாகனங்கள் செல்லத் தடை" என்று போர்டு வைத்தவுடன் முதலில் நிற்பது பஸ்தான். லாரி ராத்திரியில் போய்விடும்.

ஆகவே புதுப் பாலம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. அதைக் கட்டும் முறையில்தான் வருடம் போகிறது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அணைத் தண்ணீர் ஆற்றில் வராத நாள் இடையில் அந்த 135தான். முதல் சில வாரம் ஆற்றில் ஊற்றுநீரும் வடிகால் நீரும் இருக்கும். கான்கிரீட்டுக்கு முழு வலு வர 28 நாள் வேண்டும். பாலத்தின் மேல்தளமான ஸ்லாபைத் தாங்கும் முட்டும் பலகையும் படுகையில்தான் நிற்கும் என்றால், ஜூன் 5-க்குள் அவற்றைப் பிரிக்க ஸ்லாபை மே 8-க்குள் போட்டாக வேண்டும். இதைப் பின்னோக்கி எண்ணினால், பிப்ரவரி முதல் வாரத்தில் ஆற்றுக்குள் மிஷின் இறங்கியிருக்க வேண்டும். ஜனவரியில் பழைய பாலத்தை இடித்துவிட்டு, மார்ச் கடைசியில் அடித்தளத்துக்குத் துளை போட ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஜூனில் தூண்கள் தலைநீட்டி நிற்கும், தண்ணீர் வந்துவிடும், மாற்றுப் பாதைக்குப் போட்ட ஹியூம் பைப்பும் (கான்கிரீட் குழாய்) மண்ணும் அடித்துப் போகும். பிறகு வடகிழக்குப் பருவமழை. அடுத்த ஜனவரி வரை அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கரையோரத் தாங்குசுவரையும் இணைப்புச் சாலையையும் தண்ணீர் ஓடும்போதும் கட்டலாம். படுகைக்குள் செய்ய வேண்டியதை மட்டும் அந்த 135 நாளில் முடியுங்கள். டெண்டர் டிசம்பருக்குள் முடியாவிட்டால், அந்த வருடம் பழைய பாலத்தைத் தொடாதீர்கள். உடைந்த பாலத்தில் மினி பஸ்ஸாவது போகும். இடித்த இடத்தில் எதுவும் போகாது.

இனி டெப்போ அதிகாரிகளுக்கு. 40 நிமிடத் தடத்தில் 10 சிங்கிள் (ஒருவழி நடை) ஓடும் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மாற்றுப் பாதையால் ஒரு சிங்கிளுக்கு 20 நிமிடம் கூடினால், அதே 400 நிமிடத்தில் ஆறு சிங்கிள்தான் ஓடும். நாலு சிங்கிள் கட். கட் ஆவது பெரும்பாலும் காலை முதல் நடையும் இரவுக் கடைசி நடையும். கடைசி நடை போனால் ஊரில் தங்கும் ஹால்ட் பஸ் போயிற்று. ஹால்ட் பஸ் போனால் விடியற்காலையில் பூவும் காய்கறியும் கும்பகோணம் மார்க்கெட்டுக்குப் போக வழியில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் நின்றுபோன ஊரில் அந்தச் சலுகையும் நின்றது என்றுதான் பொருள், ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் காசு கொடுக்கிறார்கள்.

சுற்று வழியில் முழுத் தடத்தையும் இழுக்காமல், ஆற்றோடு தடத்தை இரண்டாக வெட்டுங்கள். இக்கரை வண்டி பாலத்தடி வரை வந்து திரும்பட்டும், அக்கரையில் ஒரு வண்டி நிற்கட்டும். நடுவில் ஆட்கள் நடந்து கடக்க, நாலு அடி அகலத்தில் கைப்பிடியோடு இரும்பு நடைபாலம் போதும். அதை ஒப்பந்தத்திலேயே ஒரு அயிட்டமாகச் சேர்க்க வேண்டும். பஸ் திரும்ப 12 மீட்டர் வண்டிக்கு இடம் வேண்டும். கரையில் பின்வாங்கித் திருப்புவது ஆபத்து, களிமண் ஓரம் மழையில் சரியும். அருகில் நெல் கொள்முதல் களம் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

பாலம் முடிந்த பிறகு நடப்பதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிறது. ரிப்பன் வெட்டியாகிவிடும், பஸ் வராது. "கலெக்ஷன் இல்லை" என்பார்கள். இரண்டு வருடம் வண்டி இல்லாத ஊரில் எல்லாரும் டூவீலர் வாங்கியிருப்பார்கள், முதல் மாதத்திலேயே கலெக்ஷன் எப்படி வரும்? ரயிலிலும் இதையே கண்டோம். திருவாரூர்–காரைக்குடி 149 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாகி 2019-ல் திறந்தபோது, லெவல் கிராசிங் கேட்டுகளுக்கு ஆள் இல்லை. வண்டியிலேயே ஊழியர் வந்து, இறங்கி முன் கேட்டை மூடி, வண்டி கடந்ததும் பின்னால் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனது. அவ்வளவு நேரம் ஆகும் வண்டியில் கூட்டம் சேராது. கூட்டம் இல்லை என்று அதன்பின் கணக்குக் காட்டுவது நியாயமில்லை. பழைய அட்டவணையை ஆறு மாதமாவது அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டைமிங் கான்ஃபரன்ஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைத்த புதிய மினி பஸ் திட்டத்தில், தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், பஸ் இல்லாத பகுதி பெரும்பங்கு இருக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் குறுக்குத் தடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. கரையோடு நீளமாக ஓடி மெயின் ரோட்டில் ஆள் பொறுக்கும் விண்ணப்பத்தையும், இரண்டு பாலம் கடந்து இரண்டு பள்ளிக்கூடத்தைத் தொடும் விண்ணப்பத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். நேரம் போடும்போது பாபநாசம், கும்பகோணம் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சர் வரும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஜனவரி 28-க்கு முன், இடிக்கப் போகும் ஒவ்வொரு பாலத்துக்கும் மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு தாள் எழுதிக் கையெழுத்திடுங்கள். இடிக்கும் நாள், ஸ்லாப் போடும் நாள், நடைபாலம் எங்கே, இக்கரை வண்டி எது, அக்கரை வண்டி எது, ஹால்ட் பஸ் எந்த ஊரில் தங்கும், பாலம் திறந்தபின் முதல் நடை எத்தனை மணிக்கு. அந்தத் தாளின் நகலைப் பாலத்தின் இரு முனையிலும், டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றின் இரு கரையிலும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்