விற்பதற்கு முன் ஒரு நாள் கொடு

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்த செய்தி கேட்டு மகிழ்ந்தேன். மற்ற குடும்பச் செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை வேறொன்றுக்காக அவசரமாக எழுதுகிறேன்.

யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டை விற்க ஆள் பிடித்துவிட்டதாகவும், அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து வந்து எடுத்துப்போவார்கள் என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். விலை பேசுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? விற்க வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. பரணில் கிடப்பதைவிட வாசிக்கிறவர் கையில் இருப்பதே அந்தக் கீபோர்டுக்கு நல்லது, உனக்கும் பணம் தேவைப்படுகிறது. ஆனால் அதன் உள்நினைவில் இருக்கும் 32 டோன்களில், அதாவது சேமித்து வைத்த ஒலி அமைப்புகளில், பெரும்பாலானவை நம் குழுவில் கீபோர்டு வாசித்த மாஸ்டர் தன் கையால் செய்தவை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். அவருடைய நாதஸ்வர டோன் வேறெங்கும் இல்லை. கச்சேரிக்குக் கச்சேரி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே இருந்தாரே, பெரியகுளத்தில் விடிய விடிய உட்கார்ந்து ஒலியை உருவாக்கும் ஆறு ஆபரேட்டர்களில் ஆறாவதை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாரே, அவையெல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறிய லித்தியம் பேட்டரியின் தயவில் உயிரோடிருக்கின்றன. 1983-இல் வெளிவந்த மாடல் அது. பேட்டரி போனால் டோன்களும் போகும். அதைவிட எனக்குப் பெரிய பயம், வாங்க வருகிறவர் சோதித்துப் பார்ப்பதற்காக மெமரி புரொடெக்ட் என்ற நினைவுப் பூட்டை எடுத்துவிட்டு வேறொரு பேங்கை, அதாவது வேறொரு டோன் தொகுப்பை, ஏற்றிவிடுவார் என்பதுதான். ஒரே நொடியில் 32 டோன்களும் அழிந்துவிடும், திரும்பக் கேட்பதற்கு மாஸ்டரும் இல்லை.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரு நாள். முழுதாக ஒரு பகல் அந்தக் கீபோர்டை என்னிடம் கொடு.

ஒலியைப் பதிந்து வாசிக்கும் கருவியான என் எம்பிசி ஒன்னில் இருக்கும் ஆட்டோ சாம்ப்ளரை இப்போது நன்றாகப் பழகிவிட்டேன். முன்பெல்லாம் ஒரு டோனைச் சாம்பிள் செய்ய, அதாவது அதன் ஒலியைப் பதிந்து எடுக்க, வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, பதிந்து, முன்னும் பின்னும் வெட்டி, பெயர் வைத்து, எந்தக் கட்டைக்கு எது என்று ஒதுக்கி முடிப்பதற்குள் இசை மீதான ஆசையே போய்விடும். இப்போது, கருவிகள் ஒன்றுக்கொன்று சுரக் கட்டளை அனுப்பும் மிடி வழியாக, எம்பிசியின் மிடி அவுட்டைக் கீபோர்டின் மிடி இன்னில் செருகி, கீபோர்டின் அவுட்டை எம்பிசியின் லைன் இன்னுக்குக் கொண்டுவந்து, எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை, எத்தனை கட்டைக்கு ஒரு முறை, எத்தனை அழுத்த நிலைகளில், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், விட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். அதுவே சுரத்தை அனுப்பி, பதிந்து, எல்லாவற்றையும் அந்தந்தக் கட்டைக்கு ஒதுக்கி ஒரு கீக்ரூப்பாக அடுக்கி வைத்துவிடுகிறது. கையால் செய்து பார்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும், சேகர்.

ஆனால் பொத்தானை அழுத்திவிட்டுப் போண்டா வாங்கப் போகிற வேலை இது இல்லை. நீ அப்படித்தான் செய்வாய் என்று தெரிந்துதான் உன்னிடம் எம்பிசியைக் கொடுத்தனுப்பாமல் கீபோர்டை இங்கே கேட்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கீபோர்டில் 61 கட்டைகள், மிடி எண்ணில் 36 முதல் 96 வரை. மூன்று கட்டைக்கு ஒன்று என்று எடுத்தால் 21 சுரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வெலாசிட்டி, அதாவது அழுத்த நிலை, என்றால் 84 பதிவுகள். எட்டு நொடி அழுத்தம், மூன்று நொடி வால் என வைத்தால் ஒரு டோனுக்குச் சுமார் 15 நிமிடம், 32 டோன்களுக்கும் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நான் ஒரு நாள் கேட்பது இதனால்தான்.

ஓர் ஆக்டேவுக்கு ஒரு சுரம் போதாதா என்று கேட்பாய். போதாது. பதிந்த சுரத்தை ஆறு கட்டை மேலே இழுத்தால் அது ஏறக்குறைய 41 சதவீதம் வேகமாக ஓடும், அதோடு சேர்ந்து மாஸ்டரின் வைப்ரேட்டோவும் வேகமாக நடுங்கத் தொடங்கும். நாதஸ்வர டோனின் தொடக்கத்தில் சுருதி கீழிருந்து வழுக்கி ஏறும் அந்த நொடிப்பொழுது, மேல் கட்டைகளில் சுருங்கிப்போகும். மூன்று கட்டைக்கு ஒன்று எடுத்தால் எந்தச் சுரமும் ஒரு கட்டைக்கு மேல் நகர வேண்டியதில்லை, வேக மாற்றம் 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடும், அதைக் காது பொறுத்துக்கொள்ளும்.

வெலாசிட்டியில்தான் உண்மையான கவனம் தேவை. டிஎக்ஸ்7 ஓர் அலையால் இன்னொரு அலையை அசைத்து ஒலி செய்யும் எஃப்எம் முறை, அந்த டோன்களில் அழுத்தம் கூடினால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஒலியின் நிறமே மாறுகிறது. மாஸ்டரின் எலெக்ட்ரிக் பியானோ டோனில் மெல்லத் தொட்டால் மணி போல ஒலிப்பதும் ஓங்கி அடித்தால் உலோகம் கடிப்பதும் அதனால்தான். ஒரே அடுக்கில் பதிந்துவிட்டு ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கினால் அந்த வித்தியாசம் செத்துவிடும். இன்னொன்று, டிஎக்ஸ்7-இன் கட்டைகள் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மிடியின் உச்ச அளவான 127 வரை அனுப்புவதில்லை. ஆனால் வெளியிலிருந்து மிடி வழியாக 127 வந்தால் அது ஏற்றுக்கொண்டு ஒலிக்கும். ஆகவே ஆட்டோ சாம்ப்ளர் எடுக்கும் உச்ச அடுக்கு, மாஸ்டர் விரலில் ஒருநாளும் வந்திராத ஒரு கூர்மையோடு வரக்கூடும். அந்த அடுக்கைத் தனியாகக் கேட்டுப் பார்த்து, தேவையானால் நீக்கிவிட்டு, கீழ் அடுக்கை மேல்வரை நீட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இதைத் தீர்மானிக்க நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கு வலப்பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தவன் நீ. நான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கேட்டது வேறு, நீ கேட்டது வேறு.

கேபிள் விஷயத்தில் சிரமமில்லை. இந்த முதல் மாடல் டிஎக்ஸ்7-க்கு மோனோ அவுட் ஒன்றுதான், அதனால் ஸ்டீரியோவில் பதிந்து இடத்தை வீணாக்கப்போவதில்லை. 16 பிட் மோனோவாகக் கணக்கிட்டால் ஒரு டோன் சுமார் 80 எம்பி வரும். பகலில் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடினால் லைனில் இரைச்சல் ஏறுகிறது, எங்கள் அறையின் ஃபேன் ரெகுலேட்டரும் ஒத்துழைப்பதில்லை. ஆகவே ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார வேண்டியிருக்கும், மாற்றுச் சட்டை எடுத்து வா.

உன் தம்பி ஹார்மோனியத்தையும் இப்படித் தானாகப் பதியலாமா என்று கேட்டான். அதற்கு மிடி கிடையாது என்பதால் யாராவது உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும். அதை இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்.

நீ கேட்கக்கூடிய இன்னொரு கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். டிஎக்ஸ்7-இன் 32 டோன்களின் அமைப்புகளையும் சிஸெக்ஸ் என்ற மிடி தரவுக் கோப்பாகக் கணினிக்கு அனுப்பலாம், 4,104 பைட்தான். டெக்ஸ்டு என்ற இலவச மென்பொருளில் அதை ஏற்றி வாசிக்கவும் செய்யலாம். முதல் வேலையாக அதைத்தான் செய்யப்போகிறேன், மாஸ்டரின் உழைப்புக்கு அதுவே காப்பு. பிறகு எதற்கு ஏறக்குறைய இரண்டரை ஜிபிக்குச் சாம்பிள் என்றால், சிஸெக்ஸ் என்பது சுரக் குறிப்பு, சாம்பிள் என்பது பாடிய குரல். அந்தக் கீபோர்டின் எண்களை ஒலியாக்கும் பழைய 12 பிட் மாற்றி ஒவ்வொரு சுரத்தின் வால் பகுதியிலும் சேர்க்கும் அந்த மெல்லிய கரகரப்பு, கூட்டத்தில் நம் காதுக்கு டோனின் பகுதியாகவே பழகிவிட்டது. கோப்பில் அது வராது. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலை எத்தனை கட்டைக்கு வைத்திருந்தார் என்பதும் டோனுக்குள் சேமிக்கப்படுவதில்லை, கீபோர்டின் ஃபங்ஷன் அமைப்பில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வீலில்தானே அவர் கமகமெல்லாம் செய்தார்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்தாலும் நமக்குக் கிடைப்பது மாஸ்டரின் டோன் மட்டுமே, வாசிப்பு இல்லை. எம்பிசியில் அதை எழுப்பி என் மகளிடம் வாசிக்கச் சொன்னால் அவள் தன் வாசிப்பைத்தான் வாசிப்பாள். அது எனக்கு வருத்தமாக இல்லை. அவர் செய்த ஒலி இன்னொரு விரலுக்குப் போகட்டும் என்றே விரும்புகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடியுமா? காரில் பின்சீட்டில் படுக்கவைத்து, கட்டைகள் மீது எதையும் ஏற்றாமல் கொண்டுவா. டோன்களைச் சேமிக்கும் கார்ட்ரிட்ஜ் இரண்டும் மாஸ்டர் வீட்டில் இருக்கிறதா, உன்னிடமா என்று தேடிப் பார். அதுவரை அந்தக் கீபோர்டை யார் கேட்டாலும் ஆன் செய்து காட்டாதே. கடிதம் கிடைத்ததும் போன் செய்.

அன்புடன்,
உன் டிரம்ஸ்காரன்