கோழியைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோழிக்குத் தீனிப்பை, அதாவது தின்றது முதலில் போய்ச் சேரும் கழுத்தடிப் பை, அடைத்துக்கொண்டால் வாயில் எண்ணெய் ஊற்றி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பிதுக்கிவிட வேண்டும் என்று உங்கள் வேளாண் பகுதியில் ஒரு குறிப்பு வந்திருந்தது. தயவுசெய்து அதற்குத் திருத்தம் போடுங்கள். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் பையிலிருந்து வருகிற தண்ணீரும் தீனியும் அதற்குள் போய்விடும். எங்கள் தெருவில் நன்றாக முட்டை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டை, பிடித்தவர் கையிலேயே மூச்சுத் திணறிச் செத்தது.

சாயங்காலம் அடையும்போது கழுத்தடியில், கொஞ்சம் வலப்பக்கமாகப் பை புடைத்திருப்பது இயல்புதான். விடிந்து கூட்டைத் திறக்கும்போது அது வற்றியிருக்க வேண்டும். அப்போதும் பிசைந்த மாவு மாதிரி கெட்டியாக நின்றால்தான் அடைப்பு. கெட்டியாக இல்லாமல் தண்ணீராகத் தளும்பி, வாயில் புளித்த வாடை அடித்தால் அது பூஞ்சையால் வருவது. அதற்கு வைத்தியமே வேறு. குறிப்பில் இந்த வித்தியாசம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் செவலைப் பெட்டைக்கு வந்தது முதல் வகை. தீனி போட்டால் ஓடி வரும், நாலு கொத்து கொத்தும், அப்புறம் கழுத்தை நீட்டி நீட்டி நிற்கும். பை நிறைய இருக்க, நெஞ்செலும்பு மட்டும் துருத்திக்கொண்டே வந்தது. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்கச் சொன்னார் மருத்துவர். ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, கோழியை நிமிர்த்தி வைத்தபடியே பையை மெல்ல நீவிவிட வேண்டும் என்று செய்தும் காட்டினார். பல கோழிகளுக்கு இதிலேயே கரைந்துவிடுமாம். எங்கள் கோழிக்குக் கரையவில்லை. மறுபடி கொண்டுபோனதும் இறகை விலக்கி, மரத்துப்போக ஊசி போட்டு, பையைச் சின்னதாகக் கீறினார். அறுகம்புல் தண்டும் தென்னை நாரும் ஒரே உருண்டையாக வந்தன. அத்தனையையும் சுற்றி இறுக்கியிருந்தது தீவன மூட்டையின் வாயைத் தைக்கிற வெள்ளை நூல். ஒரு முழம் இருக்கும்.

என் மாமியார் காலத்தில் வீட்டிலேயே பிளேடால் கீறி, துணி தைக்கிற நூலால் தைத்து, மஞ்சள் அப்பிவிடுவார்கள். சில பிழைத்தன, பல பிழைக்கவில்லை. பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைக்க வேண்டும் என்பது மருந்தக மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. திரும்பத் திரும்ப அடைத்தால் குடற்புழுவும் காரணமாக இருக்கலாம், மேரக்ஸ் என்கிற வைரஸ் நோயில் நரம்பு செயலிழந்தும் பை இயங்காமல் நின்றுவிடலாம் என்றும் மருத்துவர் சொன்னார். பிதுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று எழுதுவது எவ்வளவு தப்பு, பாருங்கள்.

மூட்டையைப் பிரித்ததும் அந்த நூலைச் சுருட்டி அடுப்படிக் குப்பையில் போட்டுவிடலாம். புல்லை நீளமாக வெட்டிப் போடாமல் பொடியாக நறுக்கிப் போடலாம். அடைத்து வளர்க்கிற கோழிக்குக் கூட்டில் ஒரு சட்டி பொடிக்கல் வைக்கலாம். பல் இல்லாத கோழிக்கு அரைவைப் பையில் அந்தக் கல்தான் தீனியை அரைத்துக் கொடுக்கிறது.

ஒரு கோழிக்கா இவ்வளவு பாடு என்று மருந்தகத்தில் வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். அறுத்துக் குழம்பு வைத்துவிட்டுப் போங்கள் என்றார் ஒருவர். முட்டைக் காசு எங்கள் வீட்டில் என் கைக்கு நேராக வருகிற காசு. பிள்ளையின் நோட்டுக்கும் பேனாவுக்கும் யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது அதிலிருந்துதான். அது கிடக்கட்டும், எங்களை நம்பி வளர்கிற ஓர் உயிர் தொண்டையில் நூலோடு நிற்கும்போது வைத்தியம் பார்க்காமல் எப்படி இருப்பது?

அரசுத் திட்டத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வளர்க்கும் பெண்கள் பலர் உங்கள் வேளாண் பகுதியைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, குறிப்பு வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தத்தை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கேயம்.