மல்லியை வெட்டிவிட்ட வாரம்

பாளையங்கோட்டை,
டிசம்பர் முதல் வாரம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். லெஸ்டரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாயே, பிள்ளையைக் காது மூடிக் குல்லா போட்டு வெளியே அனுப்பு.

உன் நாவலின் மூன்று அத்தியாயமும் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் படிக்கக் கூடாது என்பதால் நான் வாசிக்க, அவர் கேட்டார். உபதேசியார் சைக்கிளோடு ஓடையில் விழும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். குடிகாரப் புருஷன், அவனுக்காக ஜெபிக்கும் எஸ்தர், அவள் வீட்டுப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். ஆரம்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. தோட்டத்துக்குள் நீ போனதும்தான் எனக்கு ஆகவில்லை.

எஸ்தர் வீட்டு வாசலில் பள்ளத்தாக்கின் லீலி பூத்துக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆடி மாதம், திருநெல்வேலிக் காற்றில்! குளிர் தேசத்துச் செடி அது, இங்கே நட்டால் ஒரு வாரம் தாங்காது. அடுத்த பக்கத்தில் சாரோனின் ரோஜா, சிவப்பாக, முள்ளோடு. வேதாகமத்தின் உன்னதப்பாட்டில் வரும் அந்த எபிரேயச் சொல் நம் ரோஜாவே அல்ல, ஏதோ கிழங்கில் முளைக்கிற பூ என்றுதான் படித்தவர்கள் சொல்கிறார்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். இங்கிலீஷ்காரன் லீலி என்று போட்ட இடத்தில் நம் பழைய வேதாகமத்தில் ‘காட்டுப் புஷ்பங்கள்’ என்று இருக்கிறது. எனக்கு அந்த வார்த்தைதான் பிடிக்கும். காட்டுப் புஷ்பம் என்று சொன்னால் நம் ஓடைக்கரை ஆவாரம்பூவும் தும்பையும் அதில் அடங்கிவிடுகிறதே. அவற்றை யார் நட்டார்கள், யார் தண்ணீர் விட்டார்கள்?

எஸ்தருக்குச் சம்பங்கி கொடு. சாயங்காலம் ஆக ஆகத்தான் அதன் வாசம் ஏறும். புருஷன் வருவானா என்று அவள் திண்ணையில் காத்திருக்கும் நேரமும் அதுதான். அந்தப் பூவைக் கலியாண மாலையிலும் கட்டுவோம், சவப்பெட்டிமேல் வைக்கிற மாலையிலும் கட்டுவோம். இதைவிட ஒரு கதைக்காரிக்கு என்ன வேண்டும்?

இங்கிலீஷ் கதையை எடுத்து நம்முடையதாக ஆக்குவது தப்பில்லை. நம் பக்கத்துக் கரையிருப்பில் பிறந்த கவிஞர் கிருஷ்ணபிள்ளை அதைத்தானே செய்தார்! 1678இல் வந்த ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை எடுத்தார். மொழிபெயர்த்ததோடு நிற்காமல் கம்பன் வழியில் ஒரு காப்பியமாகவே பண்ணினார். 1894இல் இரட்சணிய யாத்திரிகம் வந்தது. உன் தாத்தா அதில் பத்துப் பாட்டாவது ராகம் போட்டுச் சொல்வார், போதையில் இல்லாதபோது.

தாத்தா பேச்சு வந்ததால் சொல்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் சனிக்கிழமை ராத்திரி எஸ்தர் முழங்காலில் நிற்கிறாள். ஞாயிறு ஆராதனையில் புருஷன் அழுதுகொண்டே முன்னால் வருகிறான். அதே காலையில், முந்தின வாரம் ஊன்றிய ரோஜாப் பதியனும் பூத்துவிடுகிறது. இந்த இடத்தில் அப்பா ‘உம்’ கொட்டுவதை நிறுத்திவிட்டார். என் அம்மா ஜெபம் பண்ண ஆரம்பித்துப் பதினாலு வருஷம் கழித்துத்தான் தாத்தா குடியை விட்டார். நடுவில் இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவையும் திரும்பப் போனார். ஒரு தடவை அம்மாவின் தையல் மெஷினே போயிற்று. சபையில் சாட்சி சொல்லும்போது மட்டும் இதை எல்லாம் விட்டுவிட்டு ‘கர்த்தர் விடுவித்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நீ நாவல்தானே எழுதுகிறாய், அந்தப் பதினாலு வருஷத்தை எழுதேன்.

விசுவாசத்தை வளர்க்கிற கதை என்றால் மனசுக்கு ஆறுதலாக இருக்க வேண்டாமா என்று கேட்பாய். சின்னதில் உன்னை டோனாவூருக்குக் கூட்டிப்போனோமே, மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறை ஞாபகம் இருக்கிறதா? கல்வெட்டு ஒன்றும் கிடையாது, பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிதான், அதில் ‘அம்மா’ என்று ஒரே வார்த்தை. அந்த அம்மா இந்தப் பக்கத்து ஊழியம் எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினபோது, ஊக்கமாக இல்லை, மாற்றிக்கொடுங்கள் என்று சொன்னார்களாம். மாற்றவில்லை. 1903இல் அப்படியே புத்தகமாக வந்தது.

என் அம்மா போன சபையில் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள், நகை போட மாட்டார்கள். அப்படியிருந்தும் வீட்டைச் சுற்றி வளர்த்ததெல்லாம் பிச்சியும் மல்லியும்தான். விடிகாலையில் மொட்டாகப் பறித்து எதிர்வீட்டு ஆச்சிக்குக் கொடுத்துவிடுவார். ஆச்சி அதைக் கட்டி அம்மன் படத்துக்குப் பாதி, தன் கொண்டைக்குப் பாதி என்று வைப்பார்கள். பாஸ்டருக்கு இது தெரிந்து ஒரு நாள் வீட்டுக்கே வந்து கேட்டார். ‘பறித்தால்தானய்யா அடுத்த மொட்டு வரும்’ என்றார் அம்மா. அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இதை வேண்டுமானால் எடுத்துக்கொள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிடு.

போன வாரம் நம் குண்டுமல்லியைக் கவாத்துப் பண்ணிவிட்டோம். நவம்பர் கடைசியில் வெட்டினால்தான் உண்டு. தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலே விட்டு மிச்சத்தை எல்லாம் வெட்டி, இலையையும் உருவி, தொழு உரம் வைத்தாயிற்று. அப்பாவுக்கு மனசே இல்லை, ஒவ்வொரு வருஷமும் இதே பாடுதான். ‘கனிகொடுக்கிற கொடியைச் சுத்தம்பண்ணுகிறார்’ என்று யோவானில் இருக்கிறதே, அந்தச் ‘சுத்தம்’ எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இப்போது நம் கொல்லையைத்தான் பார்க்க வேண்டும். வெறும் குச்சி. கிறிஸ்மஸுக்கு வருகிறவர்கள் செடி பட்டுப்போயிற்றா என்று கேட்பார்கள்.

மார்ச்சில் நீ வரும்போது மொட்டு விட்டிருக்கும். அதற்குள் நாலாம் அத்தியாயத்தை அனுப்பு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி. எஸ்தர் புருஷனை மறுபடி கடைக்கு அனுப்பிவிடு. அப்புறம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா