மாதாமாதம் புத்தகம் அனுப்புகிற மகராசி

நாக்ஸ்வில், டென்னசி
7 டிசம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணன், மதினி, கயல் எல்லாரையும் கேட்டதாகச் சொல். கார்த்திகைக்கு வாசலில் ரெண்டு விளக்கு வைத்தேன். குளிர் காற்று ஐந்து நிமிஷம்கூட எரியவிடவில்லை. அப்புறம் ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டோம்.

கயல், இதை ஆச்சிக்கு மெதுவாக வாசித்துக் காட்டு. உன் வேகத்தில் வாசித்தால் பாசஞ்சர் ரயில் போன மாதிரி இருக்கும்.

அம்மா, போன வாரம் போனில், "பிள்ளைக்கு மாசாமாசம் புத்தகம் அனுப்புற அந்த மகராசி யாரு? காசு வாங்கிக்கிடலையா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தப் புத்தகம் வருகிற விதத்தைச் சொல்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு ரோட்டோரம் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமலே அதில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார். எங்களுக்கு வருவதெல்லாம் கரண்ட் பில்லும் விளம்பரமும்தான். மாதத்தில் ஒருநாள் மட்டும் ஒரு புத்தகம் வரும். அட்டையில் யாழினி பெயர் அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கும். அவளுக்கு ரெண்டு வயதுதான், அம்மா. இந்த ஊரில் அவள் பெயருக்குத் தபால் வருகிறது, என் பெயருக்கு வருவதில்லை. பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். நான் ஏதோ தடுப்பூசிக் கணக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். மலையேறப் பயப்படாத ஒரு குட்டி ரயில் எஞ்சின் கதைதான் முதலில் வந்தது. ஐந்து வயது வரை வருமாம். ஒரு பைசா கிடையாது.

அனுப்புகிறவர் பெயர் டாலி பார்ட்டன். பாட்டுக்காரர். பாடுகிறவர் மட்டும் இல்லை, பாட்டுக் கட்டுகிறவர். மூவாயிரம் பாட்டு எழுதியிருப்பதாகச் சொல்கிறார். வருகிற ஜனவரி 19ஆம் தேதி 80 வயது நிறைகிறது. போட்டோ அனுப்பினேனே, நீகூட "இந்த வயசுல இம்புட்டு மினுக்கா" என்று சிரித்தாயே, அவர்தான். கோபுரம் மாதிரி பொன்னிறச் சவுரி, உடம்பெல்லாம் ஜிகினா, விரல் நீளத்துக்கு நகம். அதைப் பற்றி யார் கேலி செய்வதற்கும் முன்னால் அவரே செய்துவிடுவார். இவ்வளவு மலிவாகத் தெரிவதற்கு எவ்வளவு செலவாகிறது தெரியுமா என்று மேடையிலேயே கேட்பார்.

நான் இங்கே வந்த முதல் வருஷம் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். விசாவில் எனக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. பேச்சுத்துணை இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தர்தான் சோளரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். அவர் வீட்டு ரேடியோவில் எப்போதும் இந்தப் பாட்டுத்தான் ஓடும். கன்ட்ரி என்கிறார்கள், நம் ஆட்கள் சொல்கிற கிராமத்துப் பாட்டு. குடிகாரப் புருஷன், ஓடிப்போன காதலி, செத்துப்போன அம்மா, கடன். மெட்டைக் கழித்துவிட்டுக் கேட்டால் நம் ஊர் ஒப்பாரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பாட்டிதான் கதை கதையாகச் சொன்னார். அப்புறம்தான் நான் தேடித் தேடிப் படித்தேன்.

அந்தம்மா பிறந்தது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஸ்மோக்கி மலையடிவாரத்தில். காலையில் பார்த்தால் மலை முழுக்க நீலப்புகை படிந்த மாதிரி மூட்டம், அதனால் அந்தப் பெயர். 12 பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா கொடுத்த கூலி ஒரு மூட்டை சோளமாவு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பயிர் வைப்பார், கூலி வேலைக்குப் போவார். ஆனால் கணக்கில் அவரை ஏமாற்ற ஒருத்தர் பிறக்க வேண்டும் என்று மகள் பெருமையாகச் சொல்கிறார். இதை வாசித்ததும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

அஞ்சாறு வயதில், எழுதப் பழகும் முன்பே, பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார். முத்து உதிர்த்த சோளக்கதிரில் ஒரு பொம்மை, அதற்குக் குஞ்சமே தலைமுடி. அந்தப் பொம்மையைப் பற்றித்தான் முதல் பாட்டு. பிள்ளை பாடப் பாட, அவருடைய அம்மா ஒரு தாளில் எழுதி வைத்தாராம். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், அடுப்படி வேலைக்கு நடுவில், அது முக்கியம் என்று அந்தத் தாய்க்குத் தோன்றியிருக்கிறது பார்.

பத்து வயதில் எங்கள் நாக்ஸ்வில்லுக்குத்தான் வந்திருக்கிறார். இங்கே ஒரு மளிகைக்கடை முதலாளி ரேடியோவிலும் டிவியிலும் பாட்டு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார், அதில் பாட. 13 வயதில், 1959இல், நாஷ்வில்லில் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடை. அது ரேடியோவில் வாராவாரம் நடக்கிற கச்சேரி. 1925இல் ஆரம்பித்தது, போன மாதம்தான் நூறு வருஷம் நிறைந்தது. நம் ஊர்ப்பக்கம் மதுரைக்குப் போய்ப் பாடினால்தான் பாட்டுக்காரர் என்பார்களே, அந்த மாதிரி இவர்களுக்கு ஓப்ரி. பத்து வருஷம் கழித்து அதிலேயே நிரந்தர உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

1964இல் பள்ளிக்கூடம் முடித்த மறுநாளே நாஷ்வில்லுக்குப் போய் இறங்கிவிட்டார். முதல் நாள் அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை கிடைத்தார்! கார்ல் டீன் என்று பெயர், ரோடு போடுகிற தொழில். மனைவியின் கச்சேரிப் பக்கமே அவர் தலைகாட்ட மாட்டாராம். அப்படி ஒருத்தர் இருக்கிறாரா என்றே பல பேருக்குச் சந்தேகம். ஏறக்குறைய 59 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். இந்த மார்ச்சில் அவர் காலமானார். பாட்டி அன்றைக்குச் சொந்தக்காரர் போன மாதிரி அழுதார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். சின்ன வயதில் கோட்டு வாங்க வழியில்லாமல் அம்மா கந்தல் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறார். தைக்கும்போதே பைபிளில் வருகிற யோசேப்பின் பலவர்ண அங்கிக் கதையைச் சொல்லியிருக்கிறார். பிள்ளை ராஜா வீட்டுச் சட்டை என்று நினைத்துப் பள்ளிக்கூடம் போனால், எல்லாரும் கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள். பெரியவரான பிறகு, பஸ்ஸில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது அது பாட்டாக வந்திருக்கிறது. கையில் தாள் இல்லை. துணி வெளுக்கப் போட்ட ரசீதின் பின்பக்கம் எழுதினார். 1971இல் வெளிவந்தது. என் ஆறாம் வகுப்புப் பாவாடையில் அடியில் வேறு கலர் துணி வைத்து நீட்டினாயே, அதைப் போட்டுக்கொண்டு போக மாட்டேன் என்று அன்றைக்கு நான் அழுத அழுகை, அந்தப் பாட்டைக் கேட்டபோது நினைவுக்கு வந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இன்னொரு கதை இருக்கிறது. இதை நீ காது கொடுத்துக் கேட்க வேண்டும். போர்ட்டர் வாகனர் என்று அப்போது பெரிய பாட்டுக்காரர், டிவி நிகழ்ச்சி வைத்திருந்தார். 1967இல் இவரைப் பாட்டு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். ஏழு வருஷம் கழித்து இவருக்குத் தனியாகப் போக ஆசை, அவருக்கு விட மனமில்லை. சண்டை போட்டால் தீராது என்று வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதி, மறுநாள் அவர் முன்னாலேயே பாடினார். நான் போகிறேன், ஆனாலும் உன்மேல் எப்போதும் பிரியம் இருக்கும் என்கிற பாட்டு. மனுஷன் அழுதுவிட்டார். 1974இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அதற்கப்புறம் எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். எல்விஸ் என்றால் இங்கே அந்தக் காலத்து எம்.ஜி.ஆர். மாதிரி. இவருக்குத் தலைகால் புரியவில்லை. பதிவுக்கு முந்தின நாள் எல்விஸின் மேனேஜர் போன் செய்து, பாட்டு உரிமையில் பாதியை எங்களுக்கு எழுதிக் கொடுத்தால்தான் பாடுவார் என்றார். இவர் முடியாது என்றார். ராத்திரி முழுக்க அழுதாராம், ஆனாலும் முடியாது என்றால் முடியாதுதான். 1992இல் அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் என்கிற பாடகி ஒரு படத்துக்காகப் பாடினார். அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் எழுதினவருக்கு ஒரு பங்கு போகும், இங்கே சட்டம் அப்படி. பாதியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன் மருமகன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்து வியந்தார்.

நீ தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டே கட்டின பாட்டைப் பொங்கலுக்கு மேலத்தெருக்காரர்கள் தங்கள் பாட்டு என்று கும்மியடித்துப் பாடினார்களே, நீ சிரித்துக்கொண்டே போனாய். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அந்தம்மாவும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். 1980இல் ஒரு படத்தில் ஆபீஸ் செகரட்டரியாக நடித்தார். படப்பிடிப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அந்த நீள நகங்களை ஒன்றோடொன்று தேய்த்துத் தாளம் போட்டுப் பார்த்தாராம், டைப் அடிக்கிற சத்தம் மாதிரி கேட்டிருக்கிறது. அந்தத் தாளத்திலேயே பாட்டு வந்துவிட்டது. காலையில் விழுந்தடித்து எழுந்து ஓடி, நாளெல்லாம் உழைத்து, பேர் மட்டும் முதலாளிக்குப் போகிற கதை. அமெரிக்கா முழுக்க முதலிடம், ரெண்டு கிராமி விருது. நானும் அடுப்படியில் என் நகத்தைத் தேய்த்துப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நகமே இல்லை, எங்கே சத்தம் வரும்!

விருதுகளை எல்லாம் எழுதினால் கயலுக்குத் தொண்டை கட்டிவிடும். கன்ட்ரி இசைக்காரர்களின் புகழரங்கத்தில் 1999இல் சேர்த்தார்கள், பாட்டெழுதுகிறவர்களின் அரங்கத்தில் 2001இல், வாஷிங்டனில் கென்னடி சென்டர் விருது 2006இல். எனக்குப் பிடித்தது அவர் வேண்டாம் என்று சொன்னவை. 2022இல் ராக் இசைக்காரர்களின் அரங்கத்துக்குப் பெயரைப் பரிந்துரைத்தபோது, நான் ராக் பாடினவள் இல்லையே, எனக்கு அருகதை இல்லை என்று விலகப் பார்த்தார். அவர்கள் விடாமல் சேர்த்துவிட்டார்கள். வாங்கின கடனைத் தீர்ப்பது மாதிரி மறு வருஷமே ஒரு ராக் ஆல்பம் போட்டுவிட்டார். நாட்டின் பெரிய பதக்கம் ஒன்றை ரெண்டு தடவை மறுத்தார், ஒரு தடவை கணவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு தடவை கொரோனா. டென்னசி சட்டசபை வளாகத்தில் சிலை வைக்கிறோம் என்றபோதும் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தவர் அவர். போன மாதம்கூட ஆஸ்கர்காரர்கள் அவருடைய தர்மகாரியங்களுக்காக ஒரு விருது கொடுத்தார்கள். உடம்பு முடியாததால் வீடியோவில்தான் நன்றி சொன்னார்.

ஆனாலும் சொந்த ஊரில் ஒரு சிலை இருக்கிறது. செவியர்வில் கோர்ட்டு வாசலில், 1987இல் வைத்தது. போன சனிக்கிழமை உன் மருமகன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பாறைமேல் உட்கார்ந்து கையில் கித்தார், சிரித்த முகம், காலில் செருப்பு இல்லை. யாழினி அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஷூ எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டாலியின் அப்பா உயிரோடு இருந்தவரை ராத்திரியில் வாளியில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்து, மகள் சிலைமேல் விழுந்த புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவாராம். அந்த அப்பாவை நினைத்துத்தான் 1995இல் இந்த ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று புத்தகம் அனுப்ப ஆரம்பித்தார். இப்போது ஐந்து நாட்டில் நடக்கிறது, 20 கோடிப் புத்தகத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் மகளைப் 'புத்தகக்காரம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுத்தான் அந்த அப்பா போய்ச் சேர்ந்தார். 

கயல், இனி உனக்கு எழுதுகிறேன். ஆச்சியின் தீப்பெட்டி ஆபீஸ் பாட்டு எனக்கு ரெண்டு வரிதான் ஞாபகம் இருக்கிறது:

கட்டை நூறு அடுக்கிவச்சேன் கணக்குப்பிள்ளை – நீ
தொண்ணூறுன்னு எழுதிவச்சா ஞாயமில்லை

இதற்கப்புறம் கணக்குப்பிள்ளையின் மீசையைப் பற்றி ஏதோ வரும், முதலாளி கார் சேற்றில் மாட்டிக்கொண்டது வரும். ஆச்சி மறந்துபோச்சு என்பாள், நம்பாதே. ராத்திரி கரண்ட் போன நேரத்தில் கேள், தானாக வரும். ஒரு கோடு போட்ட நோட்டில் எழுது, மேலே ஆச்சியின் முழுப்பெயரைப் போடு. அதைப் போட்டோ எடுத்து அனுப்பாதே. தபாலில் அனுப்பு, யாழினி பெயருக்கு.

அன்புடன்,
செல்வி