பெடியளின் பேச்சைக் கொச்சை என்று தள்ளாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளம் பிள்ளைகளின் பேச்சு தமிழைக் கெடுக்கிறது என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன், எனக்கு அது சரியாகப் படவில்லை. 'பம்பல்', 'கொழுவல்', 'சுத்துமாத்து' என்று பெடியள் சந்தியில் நின்று கதைப்பதெல்லாம் கொச்சை என்றால், நன்னூலில் பவணந்தியார், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல்லான குழூஉக்குறியைத் தகுதி வழக்குகளில் ஒன்றாக ஏன் வைத்தார்? தட்டார் பொன்னைப் 'பறி' என்றதை இலக்கண வகுப்பில் படிப்பிக்கிறோம், பெடியள் தங்களுக்குள் ஒரு சொல்லை வைத்துக்கொண்டால் மட்டும் ஏசுகிறோம். சூடடிக்கிற களத்தில் எங்கள் ஆட்கள் நெல்லைப் 'பொலி' என்பார்கள், அதை யாரும் குறை சொன்னதில்லையே.

யுத்த காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஆளில்லா வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்தது சனம்தான், எந்தப் பண்டிதரையும் கேட்டு வைக்கவில்லை. "வண்டு சுத்துது" என்றால் கொஞ்ச நேரத்தில் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், குண்டு போடுகிற விமானத்தின் பெயரைச் சொல்லி "கிபிர்" என்று ஒரு குரல் கேட்டால் சமைத்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அப்படியே விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவார். அந்த நேரத்தில் நீட்டி முழக்கிச் சொல்ல யாருக்கு அவகாசம் இருந்தது? உயிர் தப்ப உதவிய சொற்கள் அவை, எந்த அகராதியில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.

இங்கே கிளிநொச்சியில் ஆதியிலிருந்து இருந்தவர்கள், இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள், 1995 இடப்பெயர்வில் வந்தவர்கள் என்று எத்தனை பேச்சு! பெரியவர்கள் இன்னும் 'நீ எந்த ஊர்' என்று விசாரித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் மைதானத்திலும் ரியூசன் வாசலிலும் ஒரே மாதிரிக் கதைத்துக் கூட்டாளியாகிவிட்டார்கள். ஏச வேண்டிய சொற்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. சாதியையும் வந்த இடத்தையும் குத்திக்காட்டி ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற பட்டப்பெயர்கள் அவை. அவற்றைப் பற்றிக் கட்டுரை போடுங்கள், நானே முதல் ஆளாக வாசிப்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். காலபோக நெல் அழிந்து நிற்கிற கமக்காரர் உங்கள் செய்தியாளரிடம் "எல்லாம் தண்ணிக்குள்ள போட்டுது தம்பி, இனி என்னத்தை வெட்டுறது" என்று சொன்னால், அதை 'பாரிய நட்டம் ஏற்பட்டுள்ளதாகக் கவலை தெரிவித்தார்' என்று மாற்றி எழுதாமல், அவர் சொன்னபடியே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி